கூலியும் ஆளும்

தமிழ்ச் சொற்கள் கடல் கடந்து அயல்மொழிகளில் குடியேறிய பெருமையை நம் மேடைகளில் எடுத்தோதுவோர் பலர். ஆங்கில அகராதியில் கட்டுமரம் இருக்கிறது, சுருட்டு இருக்கிறது, மிளகுத்தண்ணீர் இருக்கிறது என்று ஒவ்வொன்றாக அடுக்கும்போது அவையில் கையொலி எழும். மலாய் மொழியிலுள்ள கப்பலும் கடையும் நம்முடையவையே என்னும்போது மகிழ்ச்சி இரட்டிக்கும். ஆனால் அவ்வரிசையில் ஒரு சொல்லை மட்டும் எடுத்துரைப்பார் அரியர். அது மற்றவற்றைக் காட்டிலும் மிகுதியான நாடுகளைக் கண்ட சொல். நம் பாட்டன் பாட்டியரோடு ஒரே கப்பலில் ஏறி வந்து, அவர்களோடு ஒரே லயத்தில் குடியிருந்த சொல். ‘கூலி’ என்பதே அச்சொல்.

இதனை நாம் மறைப்பதற்குக் காரணம் வெட்கமென்பது வெளிப்படை. அந்த வெட்கம் யாருக்கு உரியது என்பதுதான் ஆராயத்தக்கது. சொல் இழிந்ததா? சொல்லப்பட்டவன் இழிந்தவனா? அன்றிச் சொன்ன வாய் இழிந்ததா? ஒரு மனிதனை அவன் பெறும் ஊதியத்தின் பெயராலேயே அழைப்பது அறமாகுமா என்னும் கேள்வி இச்சிறு சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கிறது.

முதலில் இச்சொல்லை அதன் பிறந்தகத்தில் காண்போம். தமிழில் கூலி என்பது செய்த வேலைக்கு ஈடாகக் கொடுக்கப்படுவது. வண்டி ஓட்டியவர்க்கு வண்டிக்கூலி; மூட்டை சுமந்தவர்க்குச் சுமைகூலி; நகை செய்த தட்டார்க்குச் செய்கூலி; மாவு அரைத்தவர்க்கு அரைவைக்கூலி. மலையாளத்திலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் இதே சொல் இதே பொருளில் வழங்குகிறது. இலங்கையில் சிங்களவர் ‘குலிய’ என்கின்றனர். அங்கே அது வேலைக்கூலியை மட்டுமன்றி வீட்டு வாடகையையும் குறிக்கும். தானியத்தைக் குறிக்கும் ‘கூலம்’ என்னும் பழஞ்சொல்லோடு இதனைத் தொடர்புபடுத்தி, பண்டைநாளில் வேலைக்கு ஈடாகத் தானியம் அளந்தமையால் இப்பெயர் தோன்றிற்று என்று கருதுவோரும் உளர். மணிமேகலை செய்த சாத்தனாரைக் கூலவாணிகர் என்று நாம் குறிப்பதில் அக்கூலம் இன்னும் உயிரோடிருக்கிறது.

இச்சொல்லை இழிவானதென்று நம் முன்னோர் கருதவில்லை என்பதற்குத் திருவள்ளுவரே சான்று. ‘ஆள்வினையுடைமை’ என்னும் அதிகாரத்தில், 619ஆம் குறளில், ஊழ் துணைசெய்யாத போதும் ஒருவன் பட்ட பாட்டின் அளவுக்குப் பலன் கிட்டாமல் போகாது என்று சொல்லவந்த இடத்தில், அப்பலனுக்கு அவர் இட்ட பெயர் கூலி என்பதே. ஊழையும் முயற்சியையும் எதிரெதிரே நிறுத்தி, மானிட முயற்சியின் பக்கம் நின்று பேசிய ஒருவர் கையாண்ட சொல் அது. உழைத்தவனுக்கு உரிமையாய் வந்துசேரவேண்டியது எதுவோ அதுவே அவருக்குக் கூலி.

கசப்பான வழக்குகளும் இல்லாமல் இல்லை. இலஞ்சத்தைக் கைக்கூலி என்கிறோம். மனமொட்டாமல் செய்பவனைக் கூலிக்கு மாரடிப்பவன் என்கிறோம். காசுக்குக் கொலை செய்வோரைக் கூலிப்படை என்கிறோம். எனினும் இவற்றிலும் பழி விழுவது உள்ளத்தை விட்டுவிட்டுப் பணத்துக்காக மட்டும் செய்யும் செயலின்மேல்தான். கூலி பெறுதலின்மேல் அன்று.

இங்கே ஒன்றை நன்றாகக் குறித்துக்கொள்ள வேண்டும். மேற்சொன்ன வழக்குகள் அனைத்திலும் கூலி என்பது கொடுக்கப்படும் பொருள், பெறுபவன் அல்லன். பெறுபவனுக்குத் தமிழில் ‘கூலியாள்’ என்று பெயர். கூலிக்காரர் என்றும் சொல்வோம். கூலி வேறு, ஆள் வேறு. ஆள் என்னும் சொல் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும் வரையில், பொழுது சாய்ந்து கூலியை வாங்கிய பிறகு அவன் வெறும் ஆளாக வீடு திரும்பலாம். தகப்பனாகவோ, பறையடிப்பவனாகவோ, கூத்தில் அர்ச்சுனனாகவோ இருக்கலாம். கடல் கடந்தபோது இந்த ‘ஆள்’ வழியிலே தவறிப்போயிற்று. மலாய்க்காரர் ‘கூலி’ என்றனர். வடநாட்டு இரயில் நிலையங்களில் சுமைதூக்குவோர் ‘குலி’ ஆயினர். சயாமியரும் ‘குலி’ என்றனர். ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஸ்பானியரும் ஆங்கிலேயரும் தத்தம் நாவுக்கு ஏற்ப அதையே ஒலித்தனர். அனைவரும் அதனால் குறித்தது ஆளையே. ஆனால் ஆள் என்னும் சொல்லை ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை.

நம் மலையில் விளையும் பொருளின் பெயரோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். கேமரன் மலையில் 1929ஆம் ஆண்டு ஜே. ஏ. ரஸ்ஸல் என்பார் போ தோட்டத்தைத் தொடங்கிய நாள் முதல் பறிக்கப்பட்டு வரும் இந்த இலைக்கு உலகில் முதன்மையாக இரண்டு பெயர்களே உண்டு. இரண்டும் சீனத்திலிருந்து வந்தவை. ஹொக்கியன் சீனர் சொல்லும் ‘தே’ கடல்வழியே ஒல்லாந்தர் கப்பலில் ஏறி மேல்நாடு சென்றது. மலாயில் ‘தே’ என்றும் தமிழில் ‘தேயிலை’ என்றும் நிற்பது அதுவே. ‘சா’ என்பது பெரும்பாலும் தரைவழியே நடந்து ‘சாய்’ ஆயிற்று. இரண்டில் எதைச் சொன்னாலும், எந்த நாட்டார் சொன்னாலும், அது இந்த இலையையும் இதன் நீரையுமே குறிக்கும். இலைக்கு இடம் மாறியதேயன்றிப் பொருள் மாறவில்லை. அவ்விலையைப் பறித்தவனின் பெயரோ இடம் மாறியபோதே பொருளும் மாறிப்போயிற்று.

இனி இச்சொல்லின் பிறப்பைப்பற்றி நடந்த வழக்கைப் பார்ப்போம். தஞ்சையில் நீதிபதியாயிருந்த பர்னெல் என்பாரும் ஹென்றி யூல் என்பாரும் சேர்ந்து தொகுத்து, 1886இல் வெளிவந்த ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்’ என்னும் அகராதி இதனை விரிவாக ஆராய்கிறது. தமிழ்க் கூலியிலிருந்து வந்தது என்பது ஒரு கட்சி. குசராத்திலும் மராட்டியக் கரையிலும் வாழும் ‘கோலி’ என்னும் மக்களின் குலப்பெயரே இவ்வாறு திரிந்தது என்பது மற்றொரு கட்சி. துருக்கி மொழியில் அடிமையைக் குறிக்கும் ‘குல்’ என்பதோடு இதற்கு உறவுண்டு என்பது மூன்றாம் கட்சி. சீனரோ இவ்வழக்கில் புகாமல், தம் காதில் விழுந்த ஒலிக்குத் தம் எழுத்துகளில் இரண்டைத் தேர்ந்து எழுதினர். ‘கூ’ என்றால் கசப்பு, துன்பம்; ‘லி’ என்றால் வலிமை. கசந்த வலிமை என்று அதற்குப் பொருள்.

இவற்றுள் எது மெய் என்பதைப் பண்டிதர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். நான்கு கூற்றுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வேறொரு வினாவுக்கு நான்கு விடைகள் கிடைக்கின்றன. ஒரு மனிதன் பிறனுக்காக ஏன் சுமை சுமக்கிறான்? ஊதியத்துக்காக என்கிறது தமிழ். அந்தக் குலத்தில் பிறந்தான், ஆதலால் சுமக்கிறான் என்கிறது கோலிக் கட்சி. அவன் அடிமை, ஆதலால் சுமக்கிறான் என்கிறது துருக்கி. காரணம் எதுவாயினும் ஆகுக, அவன் படுவது துன்பம் என்கிறது சீனம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோட்டங்களுக்கு ஏற்றப்பட்ட நம்மவரின் கதையில் இந்நான்கும் கலந்தே கிடந்தன. பிரிட்டிஷ் பேரரசில் அடிமை வாணிகத்தையும் அடிமைமுறையையும் சட்டத்தால் ஒழித்தபின், 1834 முதல் மொரீசியசுக்கும், 1838 முதல் கயானாவுக்கும், 1860 முதல் நேட்டாலுக்கும் இந்தியர் ஒப்பந்தத்தின்பேரில் கொண்டுபோகப்பட்டனர். காகிதத்தில் எழுதியிருந்தது ஊதியம். கொண்டுசெல்லப்பட்டவருள் பெருந்தொகையினர் குலத்தால் ஒடுக்கப்பட்டவர். ஒப்பந்தம் கட்டிய கட்டோ அடிமைத்தளையை ஒத்தது. பட்டது கசப்பு.

ஆயினும் நம்மவர் ஏன் அச்சொல்லை நம்பி ஏறினர் என்பதையும் நினைத்தல் வேண்டும். இந்தியாவில் அடிமைமுறைக்குச் சட்டத்தின் துணை 1843இல் நீக்கப்பட்டது. எனினும் தமிழ்நாட்டுச் சேரிகளில் பண்ணையாளாகவும் படியாளாகவும் பரம்பரைக் கடனுக்குக் கட்டுண்டு கிடந்தவர்க்கு விடுதலை ஒரே நாளில் வந்துவிடவில்லை. அவர்கள் பெற்றது மிராசுதார் மனமிரங்கி அளந்த படி. அத்தகையவர் காதில் ‘நாட்கூலி’ என்னும் சொல் இழிசொல்லாகவா கேட்டிருக்கும்? உழைத்த நாளுக்கு எண்ணித் தரப்படும் காசு. கேட்டு வாங்கத்தக்க உரிமை. இன்று நமக்கு வசையாகத் தோன்றும் சொல் அன்று அவர்க்கு வாக்குறுதியாகத் தோன்றியது. ஏமாற்றப்பட்டவரை நாம் மூடரென்று எண்ணாதிருக்க இதை மறவாமை நன்று.

சொல்லின் இழிவு அதன் ஒலியிலே இல்லை என்பதற்கும் சான்றுகள் உள. ஃபிஜித் தீவினர் மொழியில் ‘கோலி’ என்றால் நாய். தொங்கத் தீவிலும் ‘குலி’ என்றால் நாயே. நியூசிலாந்தின் மாவோரியர் சொல்லும் ‘குரி’யும் அவ்வினத்ததே. 1879 முதல் ஃபிஜியின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற நம் நாட்டவர், தம்மை வெள்ளையர் அழைத்த பெயரும் அத்தீவினர் நாயை அழைத்த பெயரும் ஏறத்தாழ ஒன்றாயிருக்கக் கேட்டனர். அங்கு வதைபட்ட பெண்டிரை நினைந்தே பாரதியார் ‘கரும்புத் தோட்டத்திலே’ என்னும் பாட்டை இயற்றினார். ஆனால் இவ்விரு சொற்களுக்கும் பிறப்பில் உறவு யாதுமில்லை. ஒலி ஒத்தது தற்செயலே. வியட்நாமியர் ‘கு லி’ என்று மரத்தில் மெல்ல ஊரும் தேவாங்கையும் அழைக்கின்றனர். ஜாவாவின் சிற்றூர்களிலோ, வீடும் விளைநிலமும் உடையவராய் ஊர்க்கடமைகளை ஏற்று நிற்கும் குடியானவர்க்குக் ‘கூலி’ என்பது ஒரு தகுதிப்பெயராகவே வழங்கியிருக்கிறது. மலாய் மொழியில் ‘கூலி’யின் பக்கத்திலேயே ‘குலியா’ என்னும் சொல் நிற்கிறது. அரபியிலிருந்து வந்த அது பல்கலைக்கழகப் பாடத்தைக் குறிக்கும். கூலியாயிருந்த எத்தனையோ தந்தையர் தம் மகனைக் குலியாவுக்கு அனுப்பப் பாடுபட்டனர்.

ஒரே ஒலி ஓரிடத்தில் நாய், ஓரிடத்தில் நிலக்கிழவர், ஓரிடத்தில் கல்வியின் அண்டைவீட்டார். ஆகவே இழிவு ஒலியிலிருந்து பிறக்கவில்லை. பின் எங்கிருந்து பிறந்தது? சட்டத்திலிருந்து பிறந்தது என்பேன். சுமத்திராவின் கீழ்க்கரைத் தோட்டங்களுக்காக ஒல்லாந்தர் அரசு 1880இல் ‘கூலிச் சட்டம்’ என்றே ஒன்றை இயற்றிற்று. ஒப்பந்தக் காலம் முடியுமுன் வேலையை விட்டு நீங்கியவன் அதன்படி குற்றவாளி, அவனைச் சிறையிலிடலாம். அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1862இல் தம் கப்பல்களில் ‘கூலி வாணிகம்’ நடத்தலாகாது என்று சட்டம் செய்தபோது, வாணிகப் பொருளாகக் கருதியது மனிதரையே. மலாயாவில் இந்தியர்க்கான ஒப்பந்தமுறை 1910இல் ஒழிந்தது. அதன்பின் தழைத்த கங்காணிமுறையில் கங்காணிக்கு ஆள் ஒன்றுக்கு இவ்வளவென்று தலைக்காசு கிடைத்தது. பயிற்சியற்ற தொழிலாளரை உதவிப்பணத்தில் அனுப்புவதை இந்திய அரசு 1938இல் தடுத்தபோதுதான் அது நின்றது.

கூலி என்பதன் உட்பொருள் யாது? ஒருவன் தன் உழைப்புக்கு விலை பேசலாம். கட்டாவிட்டால் ‘வேண்டா’ என்று போய்விடலாம் என்பதே. போகும் உரிமை இல்லாதவன் பெறுவது எவ்வளவாயினும் அது தீனியேயன்றிக் கூலியன்று. ஆகவே, எவன் தன் கூலியைப் பேசவும் மறுக்கவும் முடியாதவனோ, அவனுக்கே உலகம் கூலி என்று பெயரிட்டது. இச்சொல்லின் வரலாற்றில் இதனினும் பெரிய முரண் இல்லை.

நம் இலக்கணத்தில் ஆகுபெயர் என்று ஒன்று உண்டு. ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய மற்றொன்றுக்கு ஆகிவருவது. ‘ஊர் சிரித்தது’ என்றால் ஊரிலுள்ளார் சிரித்தனர் என்று கொள்கிறோம். ‘தலைக்கு ஒரு வெள்ளி’ என்றால் ஆளுக்கு ஒரு வெள்ளி என்று கொள்கிறோம். கூலி என்று ஆளை அழைப்பதும் இலக்கணப்படி ஓர் ஆகுபெயரே; அதில் வழுவில்லை. இலக்கணத்தில் வழுவில்லாதது அறத்திலும் வழுவற்றதாகுமா? ஊர் சிரித்தது என்று சொன்னபின் அவ்வூராரை நாம் பெயர் சொல்லியே அழைக்கிறோம். இரவல் பெயர் அந்த வாக்கியத்தோடு தீர்ந்துவிடுகிறது. கூலி என்னும் இரவல் பெயரோ ஆயுள் முழுதும் தொடர்ந்தது. பிள்ளைக்கும் பேரனுக்கும் இறங்கிற்று. இரவலாக வந்த பெயர் திரும்பிப் போக மறுத்து, உரிய பெயரை வீட்டைவிட்டு வெளியேற்றும்போதுதான் அது அநீதியாகிறது.

இவ்வநீதி எல்லார்மேலும் ஒப்ப விழவில்லை என்பதையும் காண்க. மலாய் மொழி தமிழிடமிருந்து ‘முதல்’ என்பதையும் எடுத்துக்கொண்டது. ‘மோடால்’ என்று இன்றும் வாணிகப் பக்கங்களில் நாள்தோறும் காண்கிறோம். ஆக, மூலதனத்துக்கும் உழைப்புக்கும் நாமே அம்மொழிக்குச் சொல் கொடுத்திருக்கிறோம். ஆனால் முதல் போட்டவரை அங்கே ஒருவரும் ‘மோடால்’ என்று அழைப்பதில்லை. முன்னே ஓர் ஒட்டுச் சேர்த்துப் ‘பெமோடால்’ என்பர். பணம் வேறு, பணமுடையார் வேறு என்று அவ்வொட்டுக் காக்கிறது. தமிழிலும் அவர் முதலாளி. ‘ஆள்’ என்பது பத்திரமாக உள்ளே இருக்கிறது. பணம் இட்டவன் தன் பணத்தினின்று வேறாய் நிற்க, உடல் இட்டவன் மட்டும் தன் கூலியோடு கலந்து காணாமற் போனான்.

இனி, இப்பெயரிலிருந்து தப்பிக்க நம்மவர் செய்த முயற்சியைப் பார்க்கவேண்டும். அதில் நாம் கற்கவேண்டியது மிகுதி. காந்தியடிகள் 1893இல் தென்னாப்பிரிக்கா சென்றபோது அங்கே இந்தியர் அனைவரும் கூலிகளே. வணிகர் கூலி வணிகர். அவர் கூலி பாரிஸ்டர். ‘சாமி’ என்றும் அழைத்தனர். தமிழர் பெயர்களின் ஈற்றிலுள்ள சாமியே அது. அவ்வாறு அழைக்கப்பட்ட இந்தியருள் சற்றுச் சாமர்த்தியமுடையோர், சாமி என்றால் எசமானன் என்று பொருள், நான் உமக்கு எசமானன் அல்லேனே என்று வெள்ளையருக்குப் பதிலுரைத்ததைச் சத்திய சோதனையில் அவர் சொல்கிறார். அதே இடத்தில் மற்றொன்றும் சொல்கிறார். முஸ்லிம் வணிகர் தம்மை அராபியர் என்றும், பார்சி எழுத்தர் தம்மைப் பாரசீகர் என்றும் சொல்லிக்கொண்டனராம். ‘நான் கூலி அல்லேன்’ என்றால் ‘அதோ அவன்தான் கூலி’ என்பது அதன் மறுபாதி. பெயரை உதறியவர் அதைக் கடலில் எறியவில்லை. பக்கத்திலிருந்த ஏழையின் தோள்மேல் போட்டனர்.

நம் தோட்டங்களிலும் இதுவே நடந்தது. துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவே கிராணி என்றொரு வகுப்பு எழுந்தது. இக்கட்டுரையாளன் சேர்ந்த வகுப்பும் அதுவே. தொழிலாளி பெற்றது கூலி. கிராணி பெற்றது சம்பளம். இரண்டும் ஒரே பெட்டியிலிருந்து எடுத்து எண்ணப்பட்ட காசுதான். ஆயினும் இரண்டு பெயர்களுக்கு நடுவே ஒரு மதில் எழுந்தது. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர் வேலைநிறுத்தம் செய்தபோது கேட்டவை யாவை? சீனத் தொழிலாளர்க்கு ஒப்பான கூலி கேட்டனர். பெண்டிர்க்கு மானக்கேடு நேராதிருக்கவேண்டும் என்றனர். துரைமார் முன்னும் ஆசிய உத்தியோகஸ்தர் முன்னும் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும் என்றும் கேட்டனர். அந்த ஆசிய உத்தியோகஸ்தர் யார்? கிராணிமாரே. போராட்டத்தை நடத்திய ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார், பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. வயிற்றுக்கும் மானத்துக்கும் ஒரே மூச்சில் கேட்ட அவ்வேழைகள், கூலி வேறு ஆள் வேறு என்பதை எந்த இலக்கணமும் படியாமலே அறிந்திருந்தனர். படித்தவர்களே அதை மறந்திருந்தனர்.

இந்தோனேசியர் பத்திரிகையில் எழுதுவோரைக் ‘கூலி திந்தா’ என்பர். மைக்கூலி என்று பொருள். எழுதுகோல் பிடித்துப் பிழைப்போர் தம்மைத் தாமே நகைத்துக்கொள்ளும் வழக்கு அது. கிராணிக்கும் அது பொருந்தும். அப்பெயரை மனமார ஏற்றுக்கொள்ளும் கிராணி, கொழுந்துக் கூடையை நிறுவைக்குத் தூக்கிவரும் பெண்ணைப் பார்க்கும் பார்வை சற்று மாறுமென்று நம்புகிறேன்.

இழிவுபெற்ற இச்சொல்லுக்கு மருந்து யாது? உலகில் இருவகை மருந்துகளைக் கையாண்டிருக்கின்றனர். ஒன்று, பெயரை மாற்றுவது. மொரீசியசில் கூலித் துறை என்று வழங்கிய இறங்குதுறை ‘ஆப்ரவாசி காட்’ என்று பெயர் மாறி, 2006இல் உலக மரபுச் சின்னமாயிற்று. தென்னாப்பிரிக்காவில் இச்சொல் இன்று வசையாகவே கொள்ளப்படுகிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தார் தம்மைப் பிறர் அழைத்த இழிபெயர்களை விலக்கி, தாம் திருத்திய மண்ணின் பெயரால் மலையகத் தமிழர் என்று தமக்குத் தாமே பெயரிட்டுக்கொண்டனர். நாமும் தொழிலாளி என்கிறோம், நல்ல சொல், ‘ஆள்’ அதற்குள் திரும்பி வந்திருக்கிறது.

மற்றொன்று, அப்பெயரையே எடுத்து அணிந்துகொள்வது. கயானாவில் ராஜ்குமாரி சிங் என்னும் அம்மையார் 1973இல் ‘நான் ஒரு கூலி’ என்றே தலைப்பிட்டுக் கட்டுரை எழுதினார். மொரீசியசின் கவிஞர் கால் தொராபுள்ளி ‘கூலித்தன்மை’ என்று பொருள்படும் புதுச்சொல் ஒன்றைப் படைத்து, அதனைத் தலைப்பில் தாங்கிய கவிதைநூலை 1992இல் வெளியிட்டார். 2025இல் ரஜினிகாந்த் நடித்த படத்துக்கும் ‘கூலி’ என்றே பெயர்.

இவ்விரண்டில் எது சிறந்ததென்று கேட்டால், இரண்டும் அரைமருந்தென்றே சொல்வேன். பெயரை மட்டும் மாற்றி, லயத்தையும் கடனையும் அப்படியே வைத்தால், புதுப்பெயரும் சில ஆண்டுகளில் பழம்பெயரின் நாற்றத்தைப் பெறும். பெயரை அணிந்துகொள்வதோ, அதைச் சுமந்தவர்க்கும் அவர்தம் வழிவந்தோர்க்கும் உரிய உரிமை; வேறொருவர் எடுத்து அவர்க்குச் சூட்டும் உரிமையன்று. நம்மைப் பிறர் எப்படி அழைக்கிறார்கள் என்பதோடு நம் ஆராய்ச்சி நின்றுவிடுமாயின் அது தன்மான உணர்ச்சி. நாம் பிறரை எப்படி அழைக்கிறோம் என்பதுவரை சென்றால்தான் அது அறம்.

அவ்வாறு சென்று பார்ப்போம். இன்று இம்மலைத் தோட்டங்களில் கொழுந்து எடுப்போருள் பெரும்பாலார் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர். வங்காளதேசத்தவரை நம்மவர் ‘பங்களா’ என்று அழைக்கின்றனர். ‘ரெண்டு பங்களாவை அனுப்பு’ என்கிறோம். பெயர் கேட்பதில்லை. ‘கெலிங்’ என்னும் சொல் கலிங்க நாட்டின் பெயரிலிருந்து வந்ததாகவே சொல்லப்படுகிறது. நாட்டுப்பெயர்தானே என்று நாம் அதைப் பொறுத்துக்கொள்கிறோமா? கல்கத்தாத் துறையில் கப்பலேறிய சீக்கியரைக்கூட இந்நாட்டில் ‘வங்காளி’ என்று அழைத்துப் பழகியவர் நாம். எந்தத் துறையில் ஏறினார் என்பதே ஆளை அறியப் போதுமென்று நமக்குத் தோன்றியிருக்கிறது.

தோட்டத்தில் ‘பங்களா’ என்னும் இதே சொல்லுக்கு வேறு பொருளும் உண்டு. துரை குடியிருக்கும் வீடு பங்களா. வங்காளப் பாணியில் கட்டப்பட்ட வீடு என்பதே அச்சொல்லின் பிறப்பு. ஆகவே ஒரே நாட்டின் பெயர் குன்றின் உச்சியிலிருக்கும் மாளிகைக்கும், பள்ளத்திலிருக்கும் லயத்தில் படுத்துறங்கும் மனிதனுக்கும் வழங்குகிறது. வீட்டைப் பங்களா என்றால் மதிப்பு. மனிதனைப் பங்களா என்றால் இளப்பம். சொல் இரண்டிலும் ஒன்றே என்னும்போது, இளப்பம் சொல்லிலிருந்து வரவில்லை, நம் உள்ளத்திலிருந்தே வருகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இவர்களின் நிலையையும் நம் பாட்டன்மாரின் நிலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கு வருவதற்கே ஊரில் கடன்பட்டு ஏசெண்டுக்குப் பணம் கட்டியவர் பலர். வேலைப் பெர்மிட் ஒரு முதலாளியின் பெயருக்கே எழுதப்பட்டது. அவரை விட்டு வேறிடம் போனால் சட்டத்துக்கு ஆகாதவராகின்றனர். குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 2013இல் நடைமுறைக்கு வந்து, 2025 முதல் மாதம் 1,700 ரிங்கிட் என்று உயர்ந்திருக்கிறது. தோட்டத்தில் உழைக்கும் உள்நாட்டாருக்கும் வெளிநாட்டாருக்கும் அது ஒன்றே. நல்லதுதான். ஆயினும் ‘கட்டாது, போகிறேன்’ என்று சொல்லும் உரிமை அவர்க்கு இல்லையாயின், ஒல்லாந்தர் 1880இல் எந்தப் பொருளில் கூலி என்று எழுதினரோ அந்தப் பொருள் இன்னும் சாகவில்லை. சொல் போய்விட்டது, பொருள் இருக்கிறது.

இதற்கு நாம் செய்யக்கூடியது யாது? பெர்மிட்டின் சட்டத்தைத் தோட்டத்துக் கிராணியும் மண்டோரும் மாற்றிவிட முடியாது. அதைத் தொழிற்சங்கங்கள் கேட்கவேண்டும். நம் பத்திரிகைகள் எழுதவேண்டும். வாக்குக் கேட்டு வருவோரிடம் நாம் வற்புறுத்தவேண்டும். கூலியென்னும் பெயரால் புண்பட்ட இனத்தாராகிய நாமே முன்னின்று கேட்பதுதான் முறை. ஆனால் நம் கைக்கு எட்டிய காரியம் ஒன்று உண்டு. அதற்குச் சட்டம் எதுவும் வேண்டுவதில்லை. செக்ரோலில் ஒவ்வொரு வரியிலும் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பெயர் எழுதப்பட்டிருக்கிறது. தாய்தகப்பன் ஆசையோடு இட்ட பெயர் அது. காலையில் பெரட்டுக்கு வருகிறவரை அந்தப் பெயரைச் சொல்லி அழைப்போம். சரியாக உச்சரிக்க வராவிட்டால் அவரையே கேட்டுத் திருத்திக்கொள்வோம்.